கப்பித்தான் சும்மா கேட்டது

கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க தம்பி, அங்கே சாரல் அடிக்குது. இந்தப் படுதாவுக்குக் கீழே ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். தேத்தண்ணி குடிப்பீங்கள்ல? கப்பல் சமையக்காரன் நம்ம நாகூர்ப் பக்கத்து ஆளு, எனக்குன்னு தனியா ஒரு கூஜா நெறைய குடுத்துட்டுப் போயிருக்கான். பினாங்கு போய்ச் சேர நாளைக்கு ஆயிடும். பேச்சுத்துணை இல்லாம இந்த மழையில எப்படி உக்காந்திருக்கிறது?

பெரிங்கி ஆத்துலயா ஜவுளிக்கடை? அரண்மனைக்கும் நீங்கதான் துணி போடுறீங்களா? நல்லது, நல்லது. உங்க சுல்தானுக்கு உடம்பு சரியில்லாம இருக்கா? அடடா. அந்தப் பேச்சுக்கு அப்புறம் வருவோம். சீனி போதுமா பாருங்க.

என் பேரு சிக்கந்தர் மாலிமார். செலிந்திங் நாட்டு சுல்தானோட துறைமுகத்துக்கு ஷாபந்தரா இருந்தவன். பாத்தீங்களா, உங்க முகம் மாறுது. என்ன கேள்விப்பட்டீங்க? ராஜாவை வெள்ளக்காரன்கிட்ட புடிச்சுக் குடுத்தவன்னு சொன்னாங்களா? சொல்லுவாங்க. இன்னைக்குக் காலையில கப்பல் ஏற வந்தேன், தோணிக்காரன் என் பெட்டியைத் தொடமாட்டேன்னுட்டான். அவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சவன் நான். இந்த வயசுல நானே தூக்கிட்டு வந்தேன். துரோகம் பண்ணினவங்க எல்லாம் சௌகரியமா இருக்காங்க தம்பி, துரோகத்தைப் பட்டவன் பெட்டி தூக்குறான். நான் நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

ஷாபந்தர்னா உங்களுக்குத் தெரியும். ஆத்து வாயில எந்தக் கப்பல் வந்து நங்கூரம் போட்டாலும் மொதல்ல ஏறிப் பாக்குறவன் ஷாபந்தர். சரக்குக்குத் தீர்வை வாங்குறவன், நாலு பாஷையில சலாம் சொல்றவன், சுல்தானுக்கு எந்த மாலுமியை முன்னே கொண்டுபோய் நிறுத்தலாம், எவனைக் கரையிலேயே திருப்பி அனுப்பலாம்னு முடிவு பண்றவன். என் பாட்டனாரு நாகூர்லேர்ந்து வந்து அந்த வேலையில உக்காந்தாரு. அப்புறம் என் வாப்பா. அப்புறம் நான். அரண்மனையில எங்களுக்குன்னு ஒரு பாய் உண்டு, அதுல வேற யாரும் உக்காரமாட்டாங்க. அந்தப் பாய்தான் தம்பி என் சொத்து. வேற எதுக்கும் நான் ஆசைப்பட்டதில்லை. இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க.

பெரிய துவாங்கு, அதாவது பழைய சுல்தான், அவரோட மூத்த மவன் ராஜா ஹிதாயத்தும் நானும் ஒண்ணா வளர்ந்தவங்க. ஒரே ஆத்துல நீச்சல் கத்துக்கிட்டோம், ஒரே ஓஸ்தாத்கிட்ட ஓதினோம். எங்க உம்மா ஆக்குற மீன் ஆணத்துக்கு அரண்மனையை விட்டு ஓடி வருவாரு. பொண்ணு பாத்து எனக்குக் கட்டி வச்சதே அவருதான். தெமெங்கோங்கோட மவ, மஸ்னா. தெமெங்கோங்னா அங்கே காவல் படைக்குத் தலைவர். பெரிய மீசைக்காரரு, என் மாமா. என்னை அவருக்கு என்னைக்குமே புடிக்காது. "உன் மருமவன் ரொம்பப் பேசுறான்"னு ஊர்ல யாரோ சொன்னப்ப, "அதுக்குத்தானே ஷாபந்தரா வச்சிருக்கு"ன்னாராம். அதை மஸ்னா சிரிச்சுக்கிட்டே வந்து எங்கிட்ட சொன்னா. எனக்குச் சிரிப்பு வரலே.

இப்படி இருக்கையிலதான் அந்தக் கப்பித்தான் வந்தாரு. பெல்வூட்னு பேரு. மேகாத்து காலம், இப்படித்தான் விடாம மழை. ஆத்து வாய்க்கு வெளியே கம்பெனிக் கொடி போட்ட பொகைக்கப்பல் வந்து நின்னுச்சு. கடல் கொள்ளைக்காரங்களை அடக்க வந்திருக்கோம்னாங்க. செலிந்திங்ல கொள்ளைக்காரனைக் கண்டவன் கெடையாது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்துச்சு. ஒரு ஒப்பந்தம் போடணுமாம். அரண்மனைக்குப் பக்கத்துல ஒரு வெள்ளக்கார அதிகாரி வந்து குடியிருப்பாராம். மார்க்கத்தையும் வழக்கத்தையும் தவிர மத்த எல்லாத்துலயும் சுல்தான் அவருகிட்ட ஆலோசனை கேக்கணுமாம். கேட்டா மட்டும் போதாது, அதுபடி நடக்கணுமாம்.

பெரிய துவாங்கு லேசுப்பட்ட ஆளு இல்லே. முடியாதுன்னு ஒரு வார்த்தை அவரு வாயில வராது. கப்பித்தான் வந்தா டுரியான் பழம் வெட்டச் சொல்லுவாரு. அந்த வாடை கப்பித்தானுக்கு ஆகாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். ஒப்பந்தப் பேச்சை எடுத்தா, மழை விடட்டும்னுவாரு. மழை விட்டா, நோன்பு முடியட்டும்னுவாரு. நோன்பு முடிஞ்சா, பேத்திக்குக் காது குத்துன்னுவாரு. கப்பித்தான் மூக்கைப் புடிச்சுக்கிட்டு கப்பலுக்குத் திரும்புவாரு. நாங்கல்லாம் சிரிப்போம். நானும்தான் சிரிச்சேன்.

அரண்மனையிலேர்ந்து திரும்பும்போது கப்பித்தான் என் வூட்டுக்கு வருவாரு. துறைமுகத்துக்குப் பக்கத்துலதான் வூடு. மலாய் நம்மள மாதிரியே பேசுவாரு, துபாஷி யாரும் வேணாம். வாசல்ல பூட்ஸைக் கழட்டிட்டு வந்து பாயில உக்காருவாரு. வெள்ளக்காரன் காலை மடக்கி உக்காந்து பாத்திருக்கீங்களா? அவரு உக்காந்தாரு. மஸ்னா திரைக்குப் பின்னாலேர்ந்து தேத்தண்ணி அனுப்புவா. நான் பேச அவரு கேப்பாரு. "மாலிமார், இந்த ஊர்ல எல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்"னுவாரு. உள்ளதைத்தானே சொன்னாரு? அத்தனை வருஷத்துல அரண்மனையில ஒருத்தன் எங்கிட்ட அப்படிச் சொன்னதில்லை. பாய் குடுத்தாங்க, பேச்சுக்கு மரியாதை குடுக்கலே.

என்னென்னமோ கேப்பாரு. ஆத்து வாயில கடல் வெள்ளம் எப்ப ஏறும், எப்ப வத்தும், சபையில யாருக்கு அடுத்து யாரு உக்காருவாங்க, மஞ்சத் துணியை ஏன் ராஜாவைத் தவிர மத்தவங்க உடுத்தக் கூடாது. ஒருநாளு, "ராஜா ஒருத்தர் மவுத்தானா என்ன செய்வீங்க?"ன்னாரு. நான் சொன்னேன், "உங்க ஊரு மாதிரி இல்லே கப்பித்தான். நாடு ஒரு நொடி கூட ராஜா இல்லாம இருக்கக் கூடாது. புது ராஜா செத்தவரோட மையத்துக்குப் பக்கத்துல வந்து உக்காந்து, அரண்மனை முரசு அடிச்ச பொறகுதான் மையத்தைத் தூக்கி அடக்கம் பண்ணுவோம்."

"அவரு வரலேன்னா?"

"மையத்து காத்திருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"வர்ற வரைக்கும்." சொல்லிட்டு நான் சிரிச்சேன். "ஆனா இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் மையத்து ரொம்ப நேரம் தாங்காது கப்பித்தான். நேரம் போச்சுன்னா ராஜா ரத்தத்துல வேற எவனாவது வந்து உக்காந்துடுவான். உக்காந்தவன்தான் ராஜா. எங்க துவாங்குவோட தம்பி, ராஜா ஒஸ்மான், ஆத்தோட மேல்பக்கம், மேலாத்துல, அதுக்குன்னே காத்துக்கிட்டிருக்காரு."

அவரு தலையை ஆட்டினாரு. "சும்மா கேட்டேன் மாலிமார்"னாரு. அப்புறம் இளநீரைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டோம்.

அவரு போன பொறகு கோப்பையை எடுக்க வந்த மஸ்னா, "உங்க சிநேகிதர் தேத்தண்ணியைக் குடிக்கிறதே இல்லை, கவனிச்சீங்களா? ஆற வச்சுட்டுப் போறாரு"ன்னா. பொம்பளைங்களுக்கு அதுதான் கண்ணுல படும். வெள்ளக்காரங்க பால் ஊத்திக் குடிக்கிறவங்க, நம்ம தேத்தண்ணி புடிக்கலை போலன்னு சொன்னேன்.

இப்ப ஊர்ல என்ன சொல்றாங்கன்னா, நான் அரண்மனை ரகசியத்தை வித்துட்டேனாம். இது ரகசியமா தம்பி? ஊர்ல பால் குடிக்கிற புள்ளைக்குக் கூடத் தெரியும். அவரு எந்த மீன்காரன்கிட்ட கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். எங்கிட்ட கேட்டாரு, நான் சொன்னேன். பேச்சுக்குப் பேச்சு. இதுல என்ன வித்தது, என்ன வாங்கினது?

சரி, கேளுங்க. அந்த மழைக்காலம் முடியிறதுக்குள்ள பெரிய துவாங்கு படுத்தாரு. ஒரு காலையில, சுப்ஹு தொழுகை முடிஞ்ச கையோட, மவுத்தாயிட்டாரு. ஊரே அரண்மனைக்கு ஓடிச்சு. மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுத்திக் கூடத்துல வச்சாச்சு. ராஜா ஹிதாயத் உடுத்திக்கிட்டு வந்து உக்கார வேண்டியதுதான் பாக்கி. அப்பத்தான் கப்பித்தான்கிட்டேர்ந்து ஆளு வந்துச்சு. பெரிய துவாங்குவுக்கு மரியாதையா கப்பல்லேர்ந்து பீரங்கி முழங்கப் போறாங்களாம். வாரிசு நேர்ல வந்து நின்னு அந்த மரியாதையை ஏத்துக்கணுமாம். வெத்தலை போட்டு மெல்லுற நேரம்தான், உடனே திரும்பிடலாமாம்.

என் மாமா தெமெங்கோங் முடியாதுன்னுட்டாரு. "மவன் உக்காராம வாப்பாவை விட்டு எழுந்து போகக் கூடாது. மரியாதை செய்யிறவன் கரைக்கு வந்து செய்யட்டும்"னாரு.

நான்தான் எடுத்துச் சொன்னேன். ஏன் சொன்னேன்? நல்லா யோசிச்சுப் பாருங்க. சித்தப்பா ராஜா ஒஸ்மான் ஆளுங்களோட மேலாத்துலேர்ந்து கெளம்பிட்டதா சேதி வந்திருந்துச்சு. வெள்ளக்காரன் பீரங்கி ஹிதாயத்துக்காக முழங்கிச்சுன்னா, அந்தச் சத்தத்தைக் கேட்டே ஒஸ்மான் பாதி வழியில திரும்பிடுவாரு. இதைச் சொன்னேன். சபையில நெறைய பேரு தலையாட்டினாங்க. கப்பித்தான் எனக்கு ஒரு வார்த்தை குடுத்திருந்தாரு, உங்ககிட்ட ஏன் மறைக்கணும்? "யாரு ராஜாவா வந்தாலும் இந்தத் துறைமுகத்துக்கு உங்கள மாதிரி ஒரு ஆளு வேணும் மாலிமார்"னு சொல்லியிருந்தாரு. ஆனா அதுக்காக நான் இதைச் சொல்லலே. அது வேற, இது வேற.

ராஜா ஹிதாயத் என்னைப் பாத்தாரு. "நீ சொல்றியா சிக்கந்தர்?"னு கேட்டாரு.

"நான் சொல்றேன் துவாங்கு. நானும் கூட வர்றேன். மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முன்னே கொண்டாந்து விட்டுடறேன்."

மாமா என் கையைப் புடிச்சாரு. "லுஹருக்கு முன்னே"ன்னாரு. அந்தப் புடி இன்னும் மணிக்கட்டுல இருக்குது.

போனோம். ஏணி இறக்கி மரியாதையாத்தான் ஏத்தினாங்க. பீரங்கி முழங்கிச்சு. ஹிதாயத் அழுதாரு, நானும் அழுதேன். கப்பித்தான் தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு. எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு. அப்புறம், உள்ளே வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னாரு. உள்ளே போனா, மேஜை மேல அந்த ஒப்பந்தம் விரிச்சு வச்சிருக்கு.

கப்பித்தானே மலாயில படிச்சாரு. எந்த வார்த்தையையும் மாத்தலே, மழுப்பலே. அதிகாரி வருவாரு. ஆலோசனை சொல்லுவாரு. அதுபடி சுல்தான் நடக்கணும். வரி வசூலும் அவங்க கையில. மார்க்கமும் வழக்கமும் சுல்தானுக்கு.

ஹிதாயத், "நான் இன்னும் உக்காரலே. உக்காராதவன் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"ன்னாரு.

"போட்டீங்கன்னா போய் உக்காரலாம்"னாரு கப்பித்தான்.

"போடலேன்னா?"

"அவசரம் இல்லே. யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க எங்க விருந்தாளி."

ஹிதாயத் எழுந்து வெளியே வந்தாரு. ஏணியை எடுத்திருந்தாங்க. எங்க தோணியை, அலையில இடிக்குதுன்னு சொல்லி, தூரமா கட்டிட்டாங்க. கப்பித்தான் பின்னாலேயே வந்து, "வெள்ளம் வத்திடுச்சு துவாங்கு. ஆத்து வாயில மணல் திட்டு தெரியுது பாருங்க. இனி வெள்ளம் ஏறினாத்தான் தோணி போகும்"னாரு. வெள்ளம் எப்ப வத்தும்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேக்காதீங்க. மாலுமிக்கு அது தெரியாதா?

நான் கப்பித்தான்கிட்ட தனியாப் போய்ப் பேசினேன். "கப்பித்தான், நான் வார்த்தை குடுத்துட்டு வந்திருக்கேன். என் மாமாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"னேன். கெஞ்சினேன் தம்பி, வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கெஞ்சினேன். அவரு என் தோள்ல கையை வச்சு, "உங்க பேரு இதுல எங்கேயும் வராது மாலிமார்"னாரு. அதுக்கா நான் கெஞ்சினேன்?

கப்பல் மேலேர்ந்து கரை தெரியும். அரண்மனைக் கூரையில வெள்ளைத் துணி கட்டியிருந்தது தெரிஞ்சுது. சாம்பிராணிப் புகை எழும்பிக்கிட்டே இருந்துச்சு. லுஹர் போச்சு. சாயங்கால அஸரும் போச்சு. அன்னைக்குன்னு பாத்து மழை நின்னு, வெயில் கொளுத்துச்சு. ஹிதாயத் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு அந்தப் புகையையே பாத்துக்கிட்டு நின்னாரு. குடுத்த சாப்பாட்டைத் தொடலே. தண்ணி மட்டும் குடிச்சாரு. பொழுது சாயிறப்ப புகை ரொம்பக் கனமா வர ஆரம்பிச்சுது. ஏன் அவ்வளவு சாம்பிராணி போடுறாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாளு விடிஞ்சதும், மேலாத்துலேர்ந்து தோணிங்க வரிசையா எறங்கி வர்றது தெரிஞ்சுது. ராஜா ஒஸ்மானோட கொடி. அப்பத்தான் ஹிதாயத் என் பக்கம் திரும்பினாரு. சத்தம் போட்டுக் கேக்கலே. சின்ன வயசுல ஓஸ்தாதுக்குத் தெரியாம எங்கிட்ட பாடம் கேப்பாரே, அந்தக் குரல்ல கேட்டாரு.

"சிக்கந்தர், நான் உக்காராம வாப்பாவைத் தூக்கமாட்டாங்கன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?"

நான் கப்பித்தானைப் பாத்தேன். அவரு மணல் திட்டைப் பாத்துக்கிட்டிருந்தாரு. "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே துவாங்கு"ன்னேன். உண்மைதானே? நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய் உண்டா?

ஹிதாயத் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாரு. உக்காரக்கூட இல்லே, நின்னுக்கிட்டே போட்டாரு. ஏணி எறங்கிச்சு. வெள்ளமும் ஏறியிருந்துச்சு.

கரையில எறங்கினதும் வாடை வந்துடுச்சு. அரண்மனை வாசல்ல எல்லாரும் தலைப்பாகைத் துணியால மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. ஹிதாயத் பொத்தலே. நேரா உள்ளே போய் மையத்து தலைமாட்டுல உக்காந்தாரு. முரசு அடிச்சாங்க. அவரு சுல்தானாயிட்டாரு. ராஜா ஒஸ்மான் துறையில எறங்கினப்ப முரசுச் சத்தம் முடிஞ்சிருந்துச்சு. மையத்தைத் தூக்கினப்ப நானும் தோள் குடுக்கப் போனேன். என் மாமா குறுக்கே வந்து நின்னுக்கிட்டாரு. நான் வெலகிட்டேன்.

இதுல துரோகம் பண்ணினது யாரு, சொல்லுங்க. நான் வார்த்தை குடுத்தேன், கப்பித்தான் என்னை ஏமாத்தினாரு. ஏமாந்தவன் நான். ஆனா அன்னைக்கு ஊரு யாரைப் பாத்துச்சு தெரியுமா? என்னைப் பாத்துச்சு.

அதுவாவது போகட்டும். அப்புறம் நடந்ததைக் கேளுங்க. ரெண்டு மாசத்துல அதிகாரின்னு சொல்லிக்கிட்டு வந்து எறங்கினது யாருன்னு நெனைக்கிறீங்க? அதே பெல்வூட். எனக்கு உள்ளுக்குள்ள கோவம்தான். இருந்தாலும் தெரிஞ்ச ஆளு வந்தாரே, வேலை நெலைக்கும்னு இருந்தேன். மேட்டுல பெரிய வூடு கட்டினாரு. எந்த மரத்தைக் கரையான் அரிக்காதுன்னு நான்தான் சொன்னேன். துறைமுகத்துல தகரக் கூரை போட்டு ஒரு கட்டடம் வந்துச்சு. எனக்குத்தான் கட்டுறாங்கன்னு நெனைச்சு, ஜன்னல் கடல் பக்கம் வைக்கச் சொன்னேன். வச்சாங்க. கட்டி முடிச்ச அன்னைக்குப் பினாங்குலேர்ந்து ஒரு சின்ன வயசு வெள்ளக்காரன் வந்து அதுல உக்காந்தான். சுங்க அதிகாரியாம். ஷாபந்தர்னு ஒரு வேலையே இனிமே கெடையாதாம்.

ஓடினேன் பெல்வூட்கிட்ட. "துவான், மூணு தலைமுறையா எங்க வேலை இது. ஒப்பந்தத்துல வழக்கத்தைத் தொடமாட்டோம்னு நீங்கதானே படிச்சீங்க? இது எங்க வழக்கம் இல்லையா?"ன்னு கேட்டேன்.

அவரு பொறுமையாத்தான் சொன்னாரு. "மாலிமார், மையத்தை எப்ப தூக்குறதுங்கிறது வழக்கம். அது சுல்தானுக்கு. துறைமுகம் வருமானம். அது எங்களுக்கு. துறைமுகம்தான் இந்த நாட்டோட வருமானமே, வேற ஒண்ணும் இல்லேன்னு உங்க வூட்டுப் பாயில உக்காந்து நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

பாத்தீங்களா தம்பி? சிநேகிதன்னு நெனைச்சுப் பேசினதை எடுத்து என் கழுத்துலயே வச்சாரு. மனுஷனை நம்பிப் பேச முடியுதா சொல்லுங்க.

அரண்மனைக்குப் போனேன். ஹிதாயத் மஞ்சப் பட்டு உடுத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. என் பாய் அங்கேயே விரிச்சிருந்துச்சு, அதையும் சொல்லணும். உக்காந்தேன். சேதியைச் சொல்லி, "துவாங்கு, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"னேன். நிதானமா கேட்டாரு. கேட்டுட்டு, "ஆலோசனை கேட்டுத்தான் சொல்லணும் சிக்கந்தர். மேட்டு வூட்டுல போய்க் கேளு"ன்னாரு. கிண்டலா சொன்னாரா, நெசமாவே சொன்னாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலே. கூட நீச்சல் அடிச்சவன்கிட்ட சொல்ற பேச்சா இது? உண்மையான துரோகம் அதுதான். வெள்ளக்காரன் வேத்து மனுஷன். இவரு யாரு?

மாமா தெமெங்கோங் அந்த ஒப்பந்தத்தை ஒத்துக்கலே. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு மேலாத்துக்குப் போயிட்டாரு. மேட்டு வூட்டுலேர்ந்து எவன் ஆலோசனை சொல்ல வந்தாலும் ஆத்துல தள்ளுவேன்னாராம். பெல்வூட் சிப்பாய்ங்களை அனுப்பினாரு. சண்டைன்னு சொல்ல முடியாது, ஒரு மூங்கில் காட்டுல சுட்டுக்கிட்டாங்க. மாமாவுக்கு வயித்துல குண்டு. மஸ்னா சேதி கேட்ட ஒடனே தோணி புடிச்சுப் போயிட்டா. எனக்கு ஆள் அனுப்பினா, வாப்பா பொழைக்கமாட்டாரு, ஒடனே வாங்கன்னு.

அன்னைக்குன்னு பாத்து நான் மேட்டு வூட்டு வராந்தாவுல உக்காந்திருந்தேன். பெல்வூட் வரச் சொல்லியிருந்தாரு. ஏதாவது ஒரு ஏற்பாடு செய்யலாம்னு சொல்லியிருந்தாரு. அதை விட்டுட்டு எழுந்து போக முடியுமா? என் வேலை, என் பாட்டனாரு வேலை. "வந்துக்கிட்டே இருக்கேன், நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க"ன்னு வந்த ஆளுகிட்ட சொல்லி அனுப்பினேன். வராந்தாவுல ஒரு நாற்காலி போட்டாங்க. தேத்தண்ணி வந்துச்சு. பெல்வூட் வரலே. சாயங்காலம் ஒரு சிப்பாய் வந்து, துவான் இன்னைக்குப் பாக்கமாட்டாருன்னான்.

மறுநாளு நான் மேலாத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. கபுரு மேல ஈர மண்ணு. மஸ்னா பக்கத்துல உக்காந்து ஓதிக்கிட்டிருந்தா. எனக்கு எப்படி இருக்கும்? மூத்த மருமவன் நான். "நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டீங்களே. சொல்லி அனுப்பினேனே, ஒரு ராத்திரி காக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன். நியாயம்தானே தம்பி?

அவ ஓதி முடிச்சு, கையை முகத்துல தடவிக்கிட்டு, அப்புறம்தான் என்னைப் பாத்தா. அழலே.

"ஒரு மையத்தை நீங்க காக்க வச்சது போதும். என் வாப்பாவையும் காக்க வைக்கமாட்டேன்"னா.

அவ்வளவுதான். அவ வூட்டுக்கு வரலே. அங்கேயே அவ தம்பியோட இருக்கா. ஆள் அனுப்பினேன், துணிமணி அனுப்பினேன், எல்லாம் அப்படியே திரும்பி வந்துச்சு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவ, ஊர்க்காரங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு என்னை விட்டுட்டா. ராஜா விட்டாரு, துரை விட்டாரு, சரி. பொஞ்சாதியும் விட்டான்னா அப்புறம் மனுஷனுக்கு என்ன தம்பி இருக்கு? ராத்திரியில அந்த வூட்டுல தனியா படுத்துக்கிட்டு நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தோணலே. எல்லாரையும் நம்பினது ஒண்ணுதான் தப்பு.

இல்லே, அழுவலே. சாரல் முகத்துல படுது.

பினாங்குக்கு எதுக்குப் போறேன்னு கேட்டீங்கள்ல? பெல்வூட் இப்ப அங்கே பெரிய பதவிக்குப் போயிட்டாரு. போன மாசம் ஆளு விட்டிருந்தாரு, மாலிமாரை வரச் சொல்லுன்னு. போகக் கூடாதுன்னுதான் மொதல்ல இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். அந்தாளுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்ல? பெரிங்கி ஆத்துல சீக்கிரமே ஒரு துறைமுகம் வருதாம், அங்கே ஊரு நெளிவு சுளிவு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் தேவைப்படுமாம். ஷாபந்தர்னே பேரு வைப்பாங்களான்னு தெரியாது. வேற பேரு வச்சாலும் வேலை அதேதானே. ஒரு பாய் இருந்தாப் போதும் எனக்கு. அதுக்கு முன்னே ஒண்ணு ரெண்டு விஷயம் எங்கிட்ட பேசணுமாம். பேச்சுதான், வேற ஒண்ணும் இல்லே.

குடிங்க தம்பி, இன்னும் இருக்குது. என் கோப்பையா? அது அப்பவே ஆறிப்போச்சு, கெடக்கட்டும். நீங்க குடிங்க. அரண்மனைக்குத் துணி போடுறவருக்கு உள்ளே நடக்குறது எல்லாம் தெரிஞ்சிருக்கும். உங்க சுல்தானுக்கும் ரொம்ப முடியலேன்னு சொன்னீங்களே, அல்லா ஹயாத்தை நீட்டிக் குடுக்கட்டும். அவரோட மூத்த மவன் எங்கே இருக்காரு, ஊர்லதானா? அங்கே வழக்கம் எப்படி? செலிந்திங் மாதிரி புது ராஜா வந்து உக்காந்தாத்தான் மையத்தைத் தூக்குவாங்களா, இல்லே வேற மாதிரியா?

ஏன் கோப்பையைக் கீழே வச்சுட்டீங்க? சும்மா கேட்டேன் தம்பி.